ரோகிணி ஜாடை

பள்ளிக்கூட வாசலிலிருந்து வீட்டுக்கு நடந்தால் பத்து நிமிடம். மேற்கு மாரெட்பள்ளியில் அதைவிடப் பக்கத்தில் ஒரு மழலையர் பள்ளி கிடைக்காது. ஆனால் சந்திரமோகனும் அவருடைய நாலு வயதுப் பேத்தியும் அந்தப் பத்து நிமிடத்தை முக்கால் மணி நேரமாக இழுத்துவிடுவார்கள். பன்னிரண்டுக்குப் பள்ளி விட்டால் வீடு வந்து சேர ஒரு மணி நெருங்கிவிடும். வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் மருமகள் ஹர்ஷிதா, நடுவில் எழுந்து வந்து சாதத்தைத் தட்டில் போடுவாள். ஆறிவிட்டதென்று மறுபடி பாத்திரத்தில் கொட்டுவாள்.

தாமதத்துக்குக் காரணம் குழந்தைதான். இளநீர் வண்டிவரை துள்ளிக்கொண்டு ஓடுவாள். அங்கே சட்டென்று குத்தவைத்து உட்கார்ந்துவிடுவாள். முழங்கால் இரண்டையும் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு தரையைப் பார்ப்பாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பிறகு எழுந்து நடப்பாள். மின்கம்பத்தருகில் மறுபடி உட்காருவாள். அவர்கள் இருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்றாவது மாடி ஏறுவதற்குள் படித் திருப்பம் ஒவ்வொன்றிலும் ஒரு உட்காரல். சந்திரமோகன் ஒருநாளும் அவசரப்படுத்தியதில்லை. சனத்நகரில் ஒரு என்ஜினியரிங் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர்; மனைவி போய் ஆறு வருடம். அவருக்கு இனி எந்த சைரனுக்கும் ஓடவேண்டியதில்லை. புத்தகப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பார்.

"இன்னா ரோகிணி, எறும்பு பாக்கறியா?" என்று கேட்பார்.

"ஹவ் தாத்தா. சீமலு" என்பாள் குழந்தை. ஆமாம் என்பதற்கு அந்த ஊர் உருதுவில் ஹவ், எறும்புக்குத் தெலுங்கில் சீமலு. அந்தத் தெலுங்கு ஊரில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளைப் போல அவளுக்கும் தமிழ் நன்றாகப் புரியும். பதில் மட்டும் வேறு மொழியில் வரும்.

பள்ளிப் பதிவேட்டில் அவள் பெயர் சாஹித்யா. அப்பா வினய்க்கும் அம்மாவுக்கும் சாஹித்யா. ரோகிணி என்று கூப்பிடுவது தாத்தா ஒருவர்தான். அது அவருடைய தங்கை பெயர். பதினோரு வயதில், எழுபத்தேழாம் வருடம் பொங்கல் கழிந்த வாரத்தில் இறந்துபோன தங்கை.

குழந்தை பிறந்த ஐந்தாவது மாதம் காது குத்தினார்கள். அழுது அழுது அவள் உதடு கருநீலமாகிவிட்டது. சுற்றி நின்றவர்கள் பதறியபோது சந்திரமோகனின் பெரியப்பா மகன் மணிவண்ணன்தான் முதலில் அந்த வார்த்தையைச் சொன்னார். "பாருடா மோகன், நாவப்பழ உதடு. நம்ம ரோகிணி ஜாடை!" சந்திரமோகன் குனிந்து பார்த்தார். அப்படியே இருந்தது. கூட்டத்துக்கு நடுவில் நின்று அந்த மனிதர் அழுதார். நாற்பது வருடத்துக்கு மேல் மனதுக்குள் பூட்டி வைத்திருந்த தங்கை, வழி தெரிந்து தன் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள் என்று அன்றைக்கு முடிவு செய்துவிட்டார். முடிவு செய்தபிறகு எதைப் பார்த்தாலும் அதற்குச் சாட்சியாகத்தானே தெரியும்.

அவருக்கு ரோகிணியைப் பற்றிப் பேச அலுக்காது. பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் போய் முடியும். அப்பாவுக்கு அங்கே ஒர்க்ஷாப்பில் வேலை. அவருடைய அப்பா காலத்திலேயே குடியாத்தத்திலிருந்து கண்டோன்மெண்டுக்குப் பிழைக்க வந்த குடும்பம். காலையில் சங்கு ஊதினால் சைக்கிள்கள் வரிசையாகப் போகும். கொல்லையில் சீத்தாப்பழ மரம். ஞாயிற்றுக்கிழமை அப்பா டபுள் டெக்கர் பஸ்ஸில் மாடிச் சீட்டில் உட்காரவைத்து ஊரைச் சுற்றிக் காட்டுவார். இரானி ஓட்டலில் ஆளுக்கு ஒரு உஸ்மானியா பிஸ்கட் உண்டு. ரோகிணி தன் பிஸ்கட்டை வீடு வந்து சேரும்வரை தின்னாமல் கையிலேயே வைத்திருப்பாள். சங்கராந்திக்கு மொட்டை மாடியில் மோகன் பட்டம் விட, அவள் நூல்கண்டைப் பிடித்துக்கொள்வாள். "அண்ணா, என்னை உப்புமூட்டை தூக்குடா" என்று கேட்பாள். தூக்கிக்கொண்டு ஓடுவான். கழுத்துக்குப் பக்கத்தில் அவளுடைய மூச்சு வேகவேகமாக அடிக்கும். அவள் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வான்.

பள்ளிக்கூடம் மாரெட்பள்ளியில் இருந்தது. இரண்டு பேரும் நடந்து போவார்கள். வழியெல்லாம் அவள் குத்தவைத்து உட்காருவாள். இன்னாடி என்றால் எறும்பு பாக்கறேன் என்பாள். அவளுக்கு எறும்பு என்றால் அவ்வளவு பைத்தியம் என்று சொல்லிச் சொல்லி, சந்திரமோகன் வீட்டில் எல்லாருக்கும் அந்த எறும்புகளே பழக்கமாகிவிட்டன. கூடத்தில் அவளுடைய ஒரே போட்டோ மாட்டியிருந்தது. கறுப்பு வெள்ளைப் படம். ஸ்டூடியோக்காரர் சின்னப் பெண்ணுக்கு எதற்கு லிப்ஸ்டிக் என்று கேட்டாராம். அதையும் சொல்லிச் சிரிப்பார். இறந்ததைப் பற்றி மட்டும் ஒரே வரிதான்: காய்ச்சல், இரண்டு நாள், போயிட்டா.

சாஹித்யாவுக்கு இரண்டு வயதானபோது தடுப்பூசி போடக் கூட்டிப்போன இடத்தில் டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். இதயத்தில் ஒரு சத்தம் வருகிறது, நகமும் நீலமாகத் தெரிகிறது, உடனே ஒரு எக்கோ எடுத்துப் பாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். ஹர்ஷிதா வீட்டுக்கு வந்து அதை நீட்டியபோது சந்திரமோகன் கையில்கூட வாங்கவில்லை. "எங்க குடும்பத்து உதடே அப்படித்தாம்மா. அந்த டாக்டருக்கு எங்க ரோகிணியைத் தெரியுமா?" என்றார். நாச்சாரத்தில் மருந்து தயாரிக்கும் மெஷின்களைச் செய்யும் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் வினய், அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றான். அடுத்த மாதம் என்பது இரண்டு வருடமாக வந்துகொண்டே இருந்தது. ஹர்ஷிதா நடுவில் நாலைந்து முறை பேச்செடுத்தாள். ஒவ்வொரு முறையும் மாமனாரின் முகம் தொங்கிப்போகும். தங்கை நினைவைத் தான் நோய் என்று சொல்வதுபோல ஆகிவிடுகிறதே என்று அவளே வாயை மூடிக்கொள்வாள். வீட்டில் நல்ல பெயர் எடுத்த மருமகள். அந்த நல்ல பெயருக்காக அவள் கொடுத்த விலை இரண்டு வருடம்.

அன்று ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளி விட்டு வரும் வழியில், மின்கம்பத்தடியில் குழந்தை உட்கார்ந்திருந்தாள். காய்கறிப் பையோடு எதிரே வந்த ஓர் அம்மாள் அப்படியே நின்றுவிட்டார். குழந்தையையே பார்த்தார். பிறகுதான் பக்கத்தில் நின்றவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க லாலாகுடா மோகண்ணாதானே?"

சந்திரமோகனுக்கு அந்தக் குரலைவிட, அந்த மோகண்ணா என்ற விளிதான் முதலில் பிடிபட்டது. ரோகிணியின் வகுப்புத் தோழிகளில் ஒருத்திதான் அப்படிக் கூப்பிடுவாள். எதிர்வரிசை குவார்ட்டர்ஸ் ஃபாத்திமா. கல்யாணமாகி விஜயவாடா போனவள், மகன் வீட்டோடு இருக்க இப்போது இங்கேயே திரும்பி வந்துவிட்டாளாம். அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. ரோகிணியைக் கண்ணால் பார்த்த ஆள் இந்த உலகத்தில் இன்னும் ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வந்தே ஆகவேண்டும் என்று பிடித்த பிடியில் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

படி ஏறும்போது அவர் வாய் ஓயவில்லை. சீத்தா மரம், சங்கு, டபுள் டெக்கர். ஃபாத்திமா மூட்டுவலிக்காரி, இரண்டாவது திருப்பத்தில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். குழந்தையும் அங்கே உட்கார்ந்தாள். சந்திரமோகன் பெருமையோடு, இப்போது பார் என்பதுபோல ஃபாத்திமாவுக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, "இன்னா ரோகிணி, எறும்பா?" என்றார். "ஹவ் தாத்தா" என்றாள் குழந்தை. ஃபாத்திமா மெல்லக் குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார். காலையில்தான் கழுவிவிட்ட படி. ஈரம்கூடச் சரியாகக் காயவில்லை. பிறகு மேலே ஏறினார்.

ஹர்ஷிதா டீ கொண்டுவந்து வைத்தாள். சந்திரமோகன் சுவரிலிருந்து போட்டோவைக் கழற்றி, பேத்தியைப் பக்கத்தில் நிறுத்தி, இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினார். உதட்டைப் பார், உட்காருவதைப் பார், அச்சு அசல் ஜாடை என்றார். ஃபாத்திமா குழந்தையின் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினார். நுனி உருண்டு, நகம் நீலம் பூத்திருந்தது. டீயை எடுத்துக் குடிக்காமல் திரும்ப வைத்தார்.

"அண்ணா, ஒண்ணு சொல்றேன். கோச்சுக்க நக்கோ. அந்தப் படியில எறும்பே இல்ல."

சந்திரமோகன் சிரித்தார். குழந்தைதானே, இல்லாத எறும்பைப் பார்ப்பாள் என்றார்.

"ரோகிணி பாத்த எடத்துலயும் எறும்பு இல்லண்ணா. அவ மூச்சு முட்டித்தான் உக்காருவா. அப்படி உக்காந்தாதான் நெஞ்சு லேசாவுதுன்னு எங்கிட்ட சொல்லிக்கீறா. வீட்டுல சொல்லேன்டின்னு நான் கேட்டேன். சொன்னா பள்ளிக்கூடத்துலேர்ந்து நிறுத்திடுவாங்க, எறும்புன்னு சொன்னா அண்ணன் சிரிச்சிகினு நிப்பான்னு சொன்னா. எங்கிட்ட சத்தியம் வாங்கிகினா. பத்து வயசுல பண்ண சத்தியம். நானும் வாயத் தொறக்கல."

ஹர்ஷிதா சமையலறை வாசலில் நின்றவள் நின்றபடியே இருந்தாள். ஃபாத்திமா குழந்தையின் கையை விடாமல், குரலைத் தாழ்த்திக்கொண்டு மேலும் சொன்னார்:

"நீங்க ஜாடை ஜாடைன்னு சந்தோசப்படுறீங்க. இந்தப் புள்ள ஒடம்பு ஜாடை காட்டுதுண்ணா. ரோகிணி ஒடம்பும் அப்படித்தான் காட்டிச்சு. அன்னிக்கு நமக்குப் புரியல. இன்னிக்குமா?"

சந்திரமோகனுக்குக் கோபம் வந்தது. அவருக்கே அது புதிதாக இருந்தது. செத்துப்போனவளைப் பற்றி இப்படி ஒரு கதையை இவ்வளவு வருடம் கழித்துத் தூக்கிக்கொண்டு வரவேண்டிய அவசியம் என்ன என்று கேட்டுவிட்டார். தன் தங்கைக்குத் தன்னிடம் பொய் சொல்ல வேண்டியதில்லை என்றார். ஃபாத்திமா குழந்தையின் தலையைத் தடவிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பிடித்து இறங்கிப் போனார். டீ மேலே ஆடை படிந்து கிடந்தது.

அன்று முழுவதும் அவர் போட்டோவை மறுபடி மாட்டவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோபம் ஃபாத்திமா மேல் இல்லை என்பது அவருக்கே தெரியும். அவர் யாரிடமும் சொல்லாத ஒரு காலை இருந்தது. மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அப்பா ஒருநாள் ஒர்க்ஷாப்பிலிருந்து வரும் வழியில் ரோகிணி தெருவோரம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டார். பெண் பிள்ளை வளருகிறாள், நடுத்தெருவில் குத்தவைத்து உட்காரலாமா, பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்று வீடு வந்ததும் அம்மாவிடம் குதித்தார். பிறகு மோகனைக் கூப்பிட்டு, இனிமேல் வழியில் அவளை உட்காரவிடாமல் கூட்டிப்போவது உன் பொறுப்பு என்றார். பதின்மூன்று வயசுப் பையனுக்குப் பொறுப்பு என்ற சொல் பெரிய பதவி. பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று நேரமாகிவிட்டது. ரோகிணி முதல் கம்பத்தில் உட்காரப் போனாள். கையைப் பிடித்து இழுத்தான். இரண்டாவது கம்பத்தில் இழுத்தான். மூன்றாவதில் அவள் "எறும்புடா அண்ணா, ஒரே ஒரு எறும்பு" என்றாள். அவன் விடவில்லை. பள்ளி வாசலில் அவள் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. அன்று சாயங்காலம் படுத்தவள்தான். காய்ச்சல் என்றார்கள். உடம்பு சுட்டதா என்றுகூட அவருக்கு இப்போது நினைவில்லை.

அந்த ஒரு காலையைப் பார்க்காமல் இருப்பதற்காகத்தான் மற்ற எல்லாக் காலைகளையும் அவர் அவ்வளவு ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாரோ என்னவோ. பழைய நினைவுகள் இனிக்கத்தான் செய்யும். எதை விட்டுவிட்டு நினைக்கிறோம் என்பதையும் கொஞ்சம் கவனிக்கவேண்டும்.

மறுநாள் சனிக்கிழமையும் பள்ளி இருந்தது. திரும்பும்போது குழந்தை இளநீர் வண்டியருகில் உட்கார்ந்தாள். சந்திரமோகன் எறும்பு என்று சொல்லவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, அறுபத்தோரு வயது முழங்கால் மளுக்கென்று சத்தம் போட, தானும் அவளுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்ததும்தான் அது கேட்டது. குழந்தையின் மூச்சு. சின்ன நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே குழிந்து குழிந்து வெளியே வந்தது. உதடு நீலம். அவர் வாயைத் திறந்து காட்டச் சொன்னார், நாக்கும் நீலம். இத்தனை நாள் நின்றுகொண்டே பார்த்தவருக்குத் தலைவகிடும் ரிப்பனும்தான் தெரிந்திருக்கின்றன.

"இன்னாம்மா பாக்கறே?" என்று கேட்டார்.

குழந்தை அவரைப் பார்த்தாள். தாத்தா இன்றைக்கு எறும்பு என்று எடுத்துக்கொடுக்காததால் அவளுக்கும் அந்தப் பதில் வரவில்லை.

"ஏமி லேது தாத்தா. ஆயாசம்."

ஒன்றுமில்லை, மூச்சு வாங்குகிறது. ஒரு நாலு வயதுக் குழந்தை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்லும். அவர் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, எங்கேயும் நிற்காமல் மூன்று மாடியும் ஏறினார். கதவைத் திறந்த ஹர்ஷிதாவிடம், டாக்டரம்மா எழுதிக்கொடுத்த சீட்டு எங்கே என்று கேட்டார். அவள் அலமாரிக்குப் போகவில்லை, தேடவும் இல்லை. தன் கைப்பையின் உள் ஜிப்பைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். மடித்து மடித்து ஓரம் கிழிந்திருந்தது. இரண்டு வருடமாக அதை அவள் கூடவே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள் என்பதை அந்தக் கிழிசலைப் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொண்டார். வெட்கமாக இருந்தது. சாயங்காலத்துக்குள் நாலு பேரும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள்.

இதய டாக்டர் ஸ்ரீகாந்த் சின்ன வயதுக்காரர், நிதானமாகப் பேசினார். விரலில் ஒரு கிளிப்பை மாட்டிப் பார்த்தார். நல்ல குழந்தைக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்கவேண்டிய ஆக்ஸிஜன் அளவு எழுபத்தெட்டில் நின்றது. எக்கோ எடுத்து முடித்ததும் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். இதயத்தின் கீழறைகளுக்கு நடுவில் ஒரு ஓட்டை. நுரையீரலுக்கு ரத்தம் போகிற வழி குறுகல். அதனால் ஆக்ஸிஜன் ஏறாத ரத்தம் நல்ல ரத்தத்தோடு கலந்து உடம்பெல்லாம் போகிறது. அந்த ரத்தத்தின் நிறம்தான் உதட்டிலும் நகத்திலும் தெரிகிறது. மாநிறத்துக்காரர்களுக்குத் தோலைப் பார்த்துச் சட்டென்று கண்டுபிடிக்க முடியாது, நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும் நகத்தையும் பார்க்கவேண்டும் என்றார். குத்தவைத்து உட்கார்ந்தால் காலுக்கு இறங்குகிற ரத்தம் தடைபட்டு நுரையீரலுக்குக் கூடுதலாகப் போகும். யாரும் சொல்லித் தராமல் இந்தக் குழந்தைகள் தாங்களே கண்டுபிடித்துக்கொள்கிற வைத்தியம் அது என்றார்.

"எப்போலேர்ந்து இப்படி இருக்கு?" என்று கேட்டார். ஹர்ஷிதா வழக்கம்போல மாமனாரின் முகத்தைப் பார்த்தாள். வினய் தரையைப் பார்த்தான்.

"ரெண்டு வருசமா எங்க மருமவ சொல்லிகினே இருக்கா சார். நான்தான் கேக்கல" என்றார் சந்திரமோகன்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இதயக் கோளாறு உண்டா என்பது அடுத்த கேள்வி. ஒரே வரியில் காய்ச்சல் என்று சொல்லிப் பழகிய வாய் கொஞ்சம் தடுமாறியது. என் தங்கைக்கு இருந்தது, பதினோரு வயதில் போய்விட்டாள் என்றார். சொல்லிவிட்டு, அந்தக் காலத்தில் எங்கேயும் இதற்கு வழி இருந்திருக்காது, இல்லையா என்று டாக்டரைக் கெஞ்சுகிற மாதிரி கேட்டார். எந்த வருடம் என்று கேட்டார் டாக்டர். எழுபத்தேழு. டாக்டர் பொய் சொல்லத் தெரியாதவர். வேலூரில் அப்போதே இதய ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார்கள் என்றார்.

சந்திரமோகன் தலையை ஆட்டினார். ஒவ்வொரு மே மாதமும் குடியாத்தத்துக்குப் போவார்கள். அங்கிருந்து பஸ் பிடித்து, துணி வாங்க, சினிமா பார்க்க, வேலூருக்குப் போவார்கள். ரோகிணி ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுவாள். அந்த ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் பஸ் போகும். எத்தனை முறை தாண்டியிருப்பார்கள்.

ஆபரேஷன் மூன்று வாரம் கழித்து நடந்தது. இன்னும் முன்பே வந்திருக்கலாம், ஆனால் கை மீறிப் போய்விடவில்லை என்று சொல்லியிருந்தார்கள். ஐந்து மணி நேரம். சந்திரமோகன் முந்தின நாளே ஃபாத்திமாவுக்கு ஆள் அனுப்பியிருந்தார்; மன்னிப்புக் கேட்கிற வாக்கியம் ஒன்றைத் தயார் செய்தும் வைத்திருந்தார். ஃபாத்திமா பிளாஸ்கில் டீயோடு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டபோது அந்த வாக்கியம் மறந்துவிட்டது. நடுவில் ஒருமுறை சந்திரமோகன், மூன்றாவது கம்பத்தில் நான் அவளை உட்காரவிடவில்லை ஃபாத்திமா என்றார். அவள் என்னிடம் சொன்னதை நான் உங்களிடம் சொல்லவில்லை அண்ணா என்றார் ஃபாத்திமா.

நாலாவது நாள் குழந்தையை வார்டுக்கு மாற்றினார்கள். சந்திரமோகன் உள்ளே போய்க் கட்டிலருகில் நின்றார். நெஞ்சின் நடுவில் கட்டு. முகத்தைப் பார்த்தவருக்கு ஒரு கணம் வேறு யாருடைய குழந்தையோ என்று இருந்தது. உதடு வெளிர் ரோஜா நிறத்தில் இருந்தது. நகங்களும் அப்படியே. அந்தக் கருநீலம் எங்கேயும் இல்லை. அதோடு ரோகிணியும் இல்லை. நாலு வருடம் கூடவே இருந்தவள் மறுபடி ஒருமுறை போய்விட்டாள் என்று இருந்தது. அழுகை வந்தது, அதே மூச்சில் சந்தோஷமும் வந்தது. குழந்தை கண்ணைத் திறந்து, "தாத்தா, ஆகலி" என்றாள். பசிக்கிறதாம். அவர் "இரு சாஹித்யா, அம்மாவைக் கூப்பிடறேன்" என்றார். அந்தப் பெயரை அவர் சொல்லி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மணிவண்ணன் ஆப்பிள், சாத்துக்குடியோடு குழந்தையைப் பார்க்க வந்தார். குழந்தை கீழிருந்து மூன்று மாடியும் ஒரே ஓட்டமாக ஏறி வந்து அவர் காலில் மோதினாள். மணிவண்ணன் அவளைத் தூக்கி, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். நன்றாகத் தேறிவிட்டாள் என்றார். பிறகு உச்சுக் கொட்டினார்.

"ஆனா ரோகிணி ஜாடை பூடுச்சேடா மோகன். நம்ம வீட்டு ஜாடை இனிமே எங்க சின்னப் பேரன்கிட்டதான் கீது. அழுதான்னா போதும், உதடு நாவப்பழமாட்டம் ஆயிடுது. சொல்லி வெச்சாப்பல நம்ம வீட்டு உதடு" என்று சிரித்தார்.

சந்திரமோகன் சிரிக்கவில்லை. குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்டார். எட்டு மாதம். யாராவது எதாவது சொன்னார்களா என்று கேட்டார். மருமகள் ஏதோ பயப்படுகிறாள், சின்னப் பெண், எல்லாவற்றுக்கும் பயம் என்றார் மணிவண்ணன். சந்திரமோகன் எழுந்து சட்டையை மாட்டினார், செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார், வெட்டி வைத்த ஆப்பிளைத் தொடாமல் மணிவண்ணனின் கையைப் பிடித்து எழுப்பினார்.

"மணி, புள்ள உதடு நீலமா இருந்தா யாரு ஜாடைன்னு பாக்காதே, டாக்டரைப் பாரு. பயப்படுற மருமவ பேச்சக் கேளு. எங்க வீட்டுல செத்த புள்ளய நெனச்சிகினு, உசுரோட கீற புள்ளய சாவக் குடுக்கப் பாத்தேன் நான். நட, இப்பவே போலாம்."